அன்னைக்கு நீ கேட்ட சத்தம்

தம்பி,

வர்ற வியாழக்கிழமை நீ மஸ்கட்டுக்குக் கிளம்பறே. உங்கம்மா ஊறுகா பாட்டிலை நாலு கவர்ல சுத்தி உன் பெட்டிக்குள்ள வெச்சிட்டா. இந்தக் காகிதத்தையும் அதுக்குப் பக்கத்துல சொருகிடலாம்னுதான் முதல்ல நெனச்சேன். அப்புறம், அங்கே போய் நீ படிச்சு என்ன ஆகப்போவுதுன்னு தோணுச்சு. போறதுக்கு முன்னாடியே படிக்கணும், அதான் கையிலே குடுக்கறேன். நேர்ல சொல்லலாமேன்னு கேப்பே. முப்பது வருஷமா லேத்துப் பட்டறையிலே மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே பேசினவன் நான். எனக்குத் திட்டத் தெரியும், ஜோக் அடிக்கத் தெரியும். 'தப்பு பண்ணிட்டேன்டா'ன்னு மகன் மூஞ்சியைப் பாத்துச் சொல்ல மட்டும் வரலே. மூணு தடவ பட்டறை வாசல் வரைக்கும் வந்து, 'டேய், டீ குடிச்சியா?'ன்னு கேட்டுட்டு உள்ளே போயிட்டேன். என்னடா இந்த ஆளு டீயை இப்படி விசாரிக்கறாருன்னு நீகூட நெனச்சிருப்பே.

போன மாசம் மஸ்கட் வேலைக்கு ஆள் எடுக்க மெட்ராஸ்ல நடந்த ட்ரேடு டெஸ்ட்டுக்கு உன்கூட நானும் வந்தேன் இல்லையா, அங்கேருந்து ஆரம்பிக்கிறேன். உன்னை உள்ளே கூப்பிட்டப்போ நான் வெளியே டீக்கடையிலே நின்னு, பக்கத்துல இருந்தவர் கிட்டே, 'என் பையன் லேத்துல நின்னா பத்து நிமிஷம் போதும் சார், யாருன்னு தெரிஞ்சிடும்'னு பீத்திக்கிட்டு இருந்தேன். அரை மணி நேரத்துல நீ சிரிச்சிக்கிட்டே வந்து, 'ஸ்டோர் கீப்பர் வேலைப்பா, கிடைச்சிடுச்சு'ன்னே. லேத்து வேலைக்குப் போனவன் ஏன்டா ஸ்டோர்ல சாமான் எண்ணப் போறான்னு எனக்கு ஒன்னும் புரியலே. கல்பாக்கம் தாண்டினப்புறம் பஸ்ஸிலே சொன்னே. இன்ஜினுக்குள்ள சுத்தற தண்டு, கிராங்க் ஷாஃப்ட், அதுல ரெண்டைக் கயித்துல தொங்கவிட்டு, கையிலே ஒரு சின்ன சுத்தியலைக் குடுத்து, தட்டிப் பாத்து எது வெடிச்சது எது நல்லதுன்னு சொல்லச் சொன்னாங்களாம். நீ சுத்தியலைத் திருப்பிக் குடுத்துட்டு, 'எனக்குக் காது கிடையாது சார், ஸ்டோர்ல எதாவது இருந்தா போடுங்க'ன்னியாம். அதை ஏதோ தமாஷ் மாதிரிதான் சொன்னே. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். உப்பளம் வந்து, ஓலை போட்டு மூடின உப்புக் குவியலெல்லாம் போயி, மரக்காணத்துல இறங்கற வரைக்கும் உன் பக்கம் திரும்பலே. தூங்கறேன்னு நெனச்சியோ என்னவோ. 'காது கிடையாது'ங்கறது உன் வார்த்தை இல்லடா. அது நான் உனக்குச் சொன்னது. பொய்யாச் சொன்னது. நீ ஊரை விட்டுப் போறதுக்குள்ள அதை நான் திருப்பி எடுத்துக்கணும்.

உன் காது எப்படிப்பட்டதுன்னு எனக்கு ரொம்ப நாளாவே தெரியும். நீ ஏழாவது படிச்சே. உப்பளத்துல தண்ணி இறைக்கிற டீசல் இன்ஜின் ஒன்னை ரிப்பேர் பண்ண உன்னையும் வண்டியிலே உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போயிருந்தேன். முடிச்சு, ஸ்டார்ட் பண்ணிக் காட்டி, கை கழுவிட்டேன். நீ மட்டும் இன்ஜின் பக்கத்துலயே குந்திக்கிட்டு, 'அப்பா, உள்ளே ஏதோ ஒன்னு சேத்துத் தட்டுது'ன்னே. 'எழுந்திரிடா, பெரிய மேஸ்திரி'ன்னு காதைத் திருகி இழுத்துட்டு வந்தேன். மூணாம் நாள் அந்த இன்ஜின் பேரிங் போயி நின்னுடுச்சு. பிரிச்சுப் பாத்தா நீ சொன்ன இடம்தான். அதை உங்கம்மா கிட்டே மூணு தடவ சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டேன். உன் கிட்டே ஒரு தடவகூடச் சொல்லலே. பசங்களை நேர்ல புகழ்ந்தா தலைக்கனம் வந்துடும்னு ஒரு கிறுக்குத்தனம். அப்பவே சொல்லியிருந்தா, பின்னாடி நான் சொன்ன பொய்யை நீ நம்பியிருக்க மாட்டியோ என்னவோ.

அந்த விமானக் கூத்து ஆரம்பிச்சது 2004-ல. பாண்டிச்சேரியிலே பழைய புஸ்தகக் கடையிலேருந்து நீயும் கூனிமேடு பஷீரும் ஒரு வெளிநாட்டு புஸ்தகத்தைத் தூக்கிட்டு வந்தீங்க. ஒரே ஒரு ஆள் உக்கார்ற விமானம், வீட்டிலேயே செய்யறதாம். பாலிடெக்னிக்ல ஒன்னாப் படிச்ச பசங்க, சரி, ஏதோ விளையாடுதுங்கன்னு நெனச்சேன். 'ஏன்டா, இந்த ஊருக்குப் பஸ்ஸே இல்லையா?'ன்னு கேட்டேன். நீ சிரிக்கலே. பஷீர் வீட்டுல படகு கட்டற மரத்துல இறக்கை, நம்ம பட்டறையிலே இன்ஜின்னு பங்கு பிரிச்சிட்டீங்க. விமானத்துக்குன்னே செஞ்ச இன்ஜின் விலை எட்டாது, பழைய கார் இன்ஜினே போதும்னீங்க. அதுல பாதி விஷயம் கிராங்க் ஷாஃப்ட்தான்னு நீதான் எனக்குச் சொல்லிக் குடுத்தே. காருக்குள்ள அது சும்மா சுத்தினா போதும். விமானத்துல அதோட முனையிலேயே விசிறியை மாட்டணும். விசிறி முன்னாடி இழுக்கும், விமானம் மூக்கைத் திருப்பினா கிராங்க்கை வளைக்கும். அது மேலே போய் முறிஞ்சா விசிறி ஒரு பக்கம், ஆளு ஒரு பக்கம். நீ இதை ஏதோ கணக்குப் பாடம் மாதிரி விளக்கினே. எனக்கு அந்தக் கடைசி வரி மட்டும்தான் மண்டையிலே ஏறுச்சு.

அப்புறம் அந்த டிசம்பர். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலையிலே நீ கூனிமேட்டுல பஷீர் கொட்டாய்ல இருந்தே. கடல் உள்ளே வந்துடுச்சுன்னு ரோட்டுல ஜனங்க ஓடி வந்தாங்க. நான் வண்டியை எடுத்துக்கிட்டு எதிர்த் திசையிலே போனேன். பாதியிலே வண்டியைப் போட்டுட்டு நடந்தேன். நாலு மணி நேரம், தம்பி. ஒவ்வொரு சட்டையையும் உன் சட்டையான்னு பாத்துக்கிட்டே நடந்தேன். அந்த நாலு மணி நேரத்துல நான் என்னென்ன வேண்டிக்கிட்டேன்னு எனக்கே தெரியாது. சவுக்குத் தோப்புக்குள்ளேருந்து நீ வந்தே. இடுப்பு வரைக்கும் சேறு. தோள் மேல ஈர லுங்கியிலே சுத்தின ஏதோ ஒன்னு. ஏதோ கொழந்தையைத் தூக்கிட்டு வர்றான்னுதான் நெனச்சேன். பாத்தா, அளவு பாக்கன்னு நீ பஷீர் கொட்டாய்க்கு எடுத்துட்டுப் போன கிராங்க்! 'எல்லாரும் மேட்டுக்கு ஓடிட்டோம்ப்பா, பஷீர் வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்க. தண்ணி வடிஞ்சதும் நான் மட்டும் திரும்பிப் போய் இதை எடுத்தாந்தேன்'னே. வீட்டுக்கு வந்ததும் உங்கம்மா உன்னைப் பளார்னு அறைஞ்சா, அப்புறம் கட்டிப் புடிச்சு அழுதா. நான் கிராங்க்கை வாங்கி, நல்ல தண்ணியிலே கழுவி, எண்ணெய் தடவி வெச்சேன். என் புள்ளையைச் சாவு வாசலுக்குத் திரும்பக் கூப்பிட்ட இரும்பு இதுன்னு அன்னைக்கே அது மேலே எனக்கு ஒரு வெறுப்பு விழுந்துடுச்சு.

மூணு மாசம் நமக்கு நிமிரக்கூட நேரமில்லே. படகு இன்ஜின், உப்பள இன்ஜின், எதைப் பிரிச்சாலும் படி படியா மணல். அதெல்லாம் ஓஞ்சப்புறம், போன வருஷம் ஏப்ரல்ல, நீ மறுபடியும் கிராங்க்கை எடுத்து என் முன்னாடி வெச்சே. 'அப்பா, நீங்க மிஷின்ல புடிச்சாத்தான் நேரா வரும்'னே. எப்படி மாட்டேன்னு சொல்றது? முனையிலே இருந்ததை வெட்டி எடுத்து, கூம்பு வாட்டமாக் கடைஞ்சு, விசிறி மாட்டற இரும்புத் தட்டைச் சூடு பண்ணி ஏத்தினோம். விசிறியோட இழுவையைத் தாங்க ஒரு வாஷர் பண்ணினோம். பேரிங் உக்கார்ற இடத்தையெல்லாம் கிரைண்டிங் பண்ணினோம். அங்கேதான் சண்டை வந்துச்சு, ஞாபகம் இருக்குதா? நான் உப்பள இன்ஜினுக்குப் பண்றாப்பலே மூலையைச் சதுரமா விடப் போனேன். நீ கையைப் புடிச்சு நிறுத்தினே. 'மூலை ரவுண்டா இருக்கணும்ப்பா. கூரா இருந்தா அங்கேதான் வெடிச்சு வாய் விடும்'னு தரையிலே படம் போட்டுக் காட்டினே. 'நான் புடிச்ச கிராங்க் எதுவும் இதுவரைக்கும் வாய் விட்டதில்லே'ன்னு குதிச்சேன். குதிச்சுட்டு, நீ சொன்னாப்பலேதான் சாணைக்கல்லை வளைச்சுத் தீட்டினேன். இப்போ எல்லா கிராங்க்குக்கும் அப்படித்தான் பண்றேன், பாத்திருப்பே. அதுக்கும் ஒரு வார்த்தை சொல்லலே நான்.

என் வாழ்க்கையிலே நல்ல நாளுங்க எதுன்னு யாராவது கேட்டா அந்த ரெண்டு மாசத்தைத்தான் சொல்லுவேன். நீயும் நானும் ஒரு மிஷினுக்கு ரெண்டு பக்கம். பஷீர் சைக்கிள்ல வந்து எட்டிப் பாத்துட்டு, 'மாமா, முதல் சவாரி உங்களுக்குத்தான்'னு வம்பு பண்ணுவான். கடல் கொண்டு போன இறக்கையை அவன் புதுசா அடிச்சிட்டான். பறக்க அனுமதி கேட்டும் எழுதிப் போட்டிருந்தீங்க. கழுவெளி ஏரி காஞ்சு தரை தெரியறப்போ, மழைக்கு முன்னாடி அங்கே தரையிலே ஓட்டிப் பாத்துடணும்னு பேசிக்குவீங்க. வேலை நல்லா வர வர எனக்குப் பயம் ஏறுச்சு. கிராங்க் மோசமா வந்திருந்தா நிம்மதியா இருந்திருப்பேன். அது கண்ணாடி மாதிரி வந்துச்சு. அடப்பாவி, இவன் நிஜமாவே மேலே போயிடுவான் போல இருக்குதேன்னு அப்பத்தான் உறைச்சுது. உன்னைத் தேடி நடந்த அந்த நாலு மணி நேரம் மறுபடியும் ஞாபகம் வந்துச்சு.

அந்த சனிக்கிழமைக்கு வர்றேன். கடைசியா தட்டிப் பாக்கற வேலை. எண்ணெயெல்லாம் துடைச்சிட்டு, கிராங்க்கைக் கயித்துல தொங்கவிட்டே. சுத்தியலை என் கிட்டே நீட்டினே. 'நீயே தட்டு'ன்னேன். நீ தட்டினே. தம்பி, அந்த மாதிரி சத்தத்தை நான் இந்தப் பட்டறையிலே ரெண்டு மூணு தடவதான் கேட்டிருக்கேன். ணங்ங்ங்னு கோயில் மணி கணக்கா இழுத்துக்கிட்டே போச்சு. நல்ல இரும்பு, நல்ல வேலை, ஒரு குறையும் இல்லே. உன் மூஞ்சி அப்படியே மலர்ந்து போயி, 'கேட்டீங்களாப்பா?'ன்னே. நான் தலையை ஆட்டிட்டு, 'செத்த சத்தம்டா. எங்கேயோ வெடிச்சிருக்கு'ன்னேன். நீ மறுபடியும் தட்டினே. 'நல்லாத்தானேப்பா இருக்குது?' 'உனக்குக் காது இல்லே. இதெல்லாம் சொல்லி வராது, இருக்கணும்'னேன். எவ்வளவு சாதாரணமா வந்துச்சு அந்த வார்த்தை! மூணாவது தடவ மெதுவாத் தட்டினே. தட்டிட்டு என்னைப் பாத்தே. அந்த நிமிஷத்துலேயே உனக்கு உன் காது மேல சந்தேகம் வந்துடுச்சு. நான் பாத்துக்கிட்டே நின்னேன்.

நீ லேசுல விடற ஆளா? 'கிரோசின் போட்டுப் பாத்துடலாம்ப்பா'ன்னே. கிரோசின்ல ஊற வெச்சு, துடைச்சு, மேலே சாக்பீஸ் தூளைப் பூசினா, வெடிப்பு இருந்தா உள்ளே போன கிரோசின் கசிஞ்சு வந்து வெள்ளையிலே கறுப்புக் கோடு காட்டும். இல்லைன்னா காட்டாது. அங்கே என் பொய் அம்பேல் ஆகியிருக்கணும். 'சாக்பீஸ் இல்லே, போய் வாங்கிட்டு வா'ன்னு உன்னைக் கடைக்கு அனுப்பினேன். நீ தெருவைத் திரும்பினதும், கோடு போடற ஊசியை எடுத்து, நீ ரவுண்டா இருக்கணும்னு என் கூடச் சண்டை போட்டியே, அதே மூலையிலே, ஒரு நகம் அகலத்துக்கு அழுத்திக் கீறினேன். ரெண்டு மாசம் ரெண்டு பேரும் மூச்சைப் புடிச்சுக்கிட்டுப் பண்ணின வேலையிலே. கை கொஞ்சம்கூட நடுங்கலே, அதுதான் இப்போ நெனச்சாலும் எனக்கே அருவருப்பா இருக்குது. நீ வந்தே, கிரோசின்ல ஊற வெச்சுத் துடைச்சே, தூளைப் பூசினே, காத்திருந்தோம். வெள்ளையிலே கறுப்பா ஒரு கோடு வந்துச்சு. உத்துப் பாத்திருந்தா புதுக் கீறல்னு உனக்குத் தெரிஞ்சிருக்கும். நீ கோட்டை எங்கே பாத்தே, என் மூஞ்சியைத்தான் பாத்தே. 'ஆமாப்பா, இருக்குது'ன்னு சொல்லிட்டு, சுத்தியலை அதோட இடத்துல மாட்டிட்டு, கை கழுவப் போயிட்டே.

வேற கிராங்க் தேடலாம்னு பஷீர் ஒரு மாசம் உன் பின்னாடியே அலைஞ்சான். 'எதை எடுத்தாலும் நல்லதா கெட்டதான்னு எனக்கே தெரியாதேடா, என்னை நம்பி எப்படி ஏறுவே?'ன்னு நீ சொன்னதை நான் உள்ளே இருந்து கேட்டேன். அவன் கடைசியிலே அந்த இறக்கை மரத்தையெல்லாம் வெச்சு அவங்க கடையிலே ஷெல்ஃப் அடிச்சிட்டான். நான் அங்கே சோப்பு வாங்கப் போனா, ரெண்டு ஓரத்துலயும் அந்த வளைவு அப்படியே இருக்குது. இப்போ அந்தக் கடைக்கே போறதில்லே. உனக்கு என்ன ஆச்சுன்னு நான் சொல்லணுமா? பட்டறைக்கு எந்தக் கிராங்க் வந்தாலும் 'நீங்களே தட்டிடுங்கப்பா'ன்னு ஒதுங்கிட்டே. போன பொங்கலுக்கு உங்கம்மா பானை வாங்க உன்னைச் சந்தைக்குக் கூப்பிட்டா. சின்ன வயசுலேருந்து நீதானே தட்டித் தட்டிப் பொறுக்கிக் குடுப்பே. 'அப்பாவைக் கூட்டிட்டுப் போம்மா'ன்னே. நான் போனேன். அந்தப் பானை ரெண்டே நாள்ல ஒழுகுச்சு. பானைக்காரனைத் திட்டினேன், வேற யாரைத் திட்டறது?

போன வாரம்தான் உங்கம்மா கிட்டே எல்லாத்தையும் கொட்டினேன். துணி மடிச்சிக்கிட்டு இருந்தவ அப்படியே நிறுத்திட்டா. 'நானும்தானே பயந்தேன்? அறைஞ்சேன், அழுதேன், முடிஞ்சுது. நீங்க ஏன் இப்படிப் பண்ணீங்க?'ன்னு கேட்டா. 'எனக்குப் பயமா இருக்குதுடா, நீ மேலே போகாதே'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீ சண்டை போட்டிருப்பே. ஒரு வாரம் பேசாம இருந்திருப்பே. அப்புறம் போயிருப்பே, இல்லே போகாமலும் இருந்திருப்பே. எதுவா இருந்தாலும் அது உன் முடிவா இருந்திருக்கும். பயந்தவன்னு பேர் வாங்க வெக்கப்பட்டுக்கிட்டு, கிராங்க் மேலே பழியைப் போட்டேன். கிராங்க் மேலே போட்ட பழி உன் மேலே வந்து விழுந்துடுச்சு. நாளைக்கு உனக்கும் கல்யாணம் ஆகும், புள்ளைங்க வரும். அதுங்க மரத்துல ஏறினா நீயும் கீழே நின்னு கத்துவே. பயமா இருந்தா பயம்னே சொல்லு. அதுங்களுக்கு ஏறத் தெரியாதுன்னு மட்டும் சொல்லிடாதே. நான் உனக்குப் பெரிசா புத்தி சொல்ற யோக்கியதையோட இல்லே, ஆனா இந்த ஒன்னு எனக்கு அனுபவத்துல தெரியும்.

அந்தக் கிராங்க்கைப் பழைய இரும்புக்குப் போட்டுடச் சொன்னே. நான் போடலே. உப்புக் காத்து படாம கிரீஸ் தடவி, தார்ப்பாய்ல சுத்தி, மிஷினுக்குப் பின்னாடி வெச்சிருந்தேன். போன ஞாயித்துக்கிழமை நீ பஷீரைப் பாக்கப் போனப்போ எடுத்துத் துடைச்சு, அதே கொக்கியிலே தொங்கவிட்டுத் தட்டினேன். கீறல் அப்படியேதான் இருக்குது. சத்தமும் அப்படியேதான் இருக்குது. மேலோட்டமாக் கீறினது வேற, வெடிப்பு வேற. இரும்புக்கு அது தெரியுது. அன்னைக்கு அந்தக் கறுப்புக் கோட்டைப் பாத்தப்புறமும் நீ ஒரே ஒரு தடவ தட்டியிருந்தா என் பொய் அங்கேயே மாட்டியிருக்கும். நீ தட்டலே, அப்பா சொன்னா சரியா இருக்கும்னு விட்டுட்டே. விமானத்துக்கு இனிமே இதைப் போடாதே. நான் கீறின மூலை, அங்கே பின்னாடி வாய் விடாதுன்னு நான் உத்தரவாதம் குடுக்க மாட்டேன். உனக்கு இன்னும் ஆசை இருந்தா வேற ஒன்னு தேடிப் புடி. புடிச்சுட்டு வா, நான் கடைஞ்சு தர்றேன். பயந்துக்கிட்டேதான் கடைவேன், அதை உன் கிட்டே சொல்லிக்கிட்டே கடைவேன்.

நான் இவ்வளவு எழுதியும் நீ நம்பணும்னு இல்லே. என் பேச்சை நம்பித்தானே இந்த நிலைமைக்கு வந்தே? அதனால நாளைக்குக் காலையிலே, பட்டறை திறக்கறதுக்கு முன்னாடி, நீ மட்டும் உள்ளே போ. கிராங்க் தொங்குது, சுத்தியல் அதோட இடத்துலயே இருக்குது. பக்கத்துலயே இன்னொரு கிராங்க்கும் தொங்கவிட்டிருக்கேன், உப்பளத்துலேருந்து வந்தது. எது எப்படின்னு நான் இதுல எழுதப் போறதில்லே. நான் வெளியே ரோட்டோரம் நிப்பேன், உள்ளே எட்டிக்கூடப் பாக்க மாட்டேன். ரெண்டையும் தட்டிப் பாரு. எத்தனை தடவ வேணும்னாலும் தட்டு. அப்புறம் வெளியே வந்து, எது நல்லதுன்னு நீ எனக்குச் சொல்லு.

அப்பா